எழுந்து எழுந்து படுத்த கம்ப்யூட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திண்டிவனத்தில் என் உரக்கடைக்கு வந்துபோகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருந்து டப்பாவை மூடாமல் வைத்தால் கத்துவேன். எதற்குக் கத்துகிறாய் என்று கேட்டால் அதற்கும் கத்துவேன். அப்படிப்பட்டவன் போன ஆயுத பூஜைக்குப் பிறகு கொஞ்ச நாள் யார் மேலும் எரிந்து விழாமல் இருந்தேன். வீட்டில் குரலே உயரவில்லை. என் மனைவி அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள். விழுப்புரத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பெரிய மனசாவது ஒன்றாவது. மாட்டிக்கொள்ளாத திருடன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பானே, அதுதான் அது.

அவள் விழுப்புரத்துக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன் அங்கே ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கடை போட்ட நான் அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். நீங்கள் எழுதியிருப்பது தலைகீழாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. இவள்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் இடியும் மின்னலுமாக இருந்து, பிறகு ஓய்ந்து, கல்யாணம் நடந்தது.

அவள் சாமி அவளுக்கு, என் சாமி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவளைக் கோயில் வாசலில் பைக்கில் கொண்டுபோய் விடுவது நான்தான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் ஒலக்கூர் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்திலிருந்துதான் வரும். பொங்கலுக்கு அவள்தான் வாசலில் கோலம் போடுவாள், எங்கள் தெருவிலேயே பெரிய கோலமாக. இதில் எல்லாம் எங்களுக்குள் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கோடு போட்டாள். கல்யாணமான முதல் வருஷ ஆயுத பூஜைக்கு, அவள் கொண்டுவந்திருந்த தையல் மிஷினுக்குச் சந்தனம் வைக்கப் போனேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, கடைக்கு, வண்டிக்கு, மோட்டாருக்கு எல்லாத்துக்கும் வைங்க. பொரி கடலகூட நானே பொட்டலம் கட்டித் தர்றேன். நான் வேல செய்ற சாமானுக்கு மட்டும் வேணாங்க. அதுக்கு நான் ஜெபம் சொல்லிக்கிறேன்."

சண்டையாகச் சொல்லவில்லை. உப்பு கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பூஜை வந்துபோயிற்று. அவள் தையல் மிஷின் மேலோ மிக்சி மேலோ என் விரல் பட்டதில்லை.

மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகள் பள்ளியில் படித்த காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலில் ஒரு மூலையில் கிடந்தது. என் மனைவி அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். முதலில் என் கடைக் கணக்கு. பிறகு ஏதேதோ பாடங்கள். ஒரு நாள் சாப்பாடு போடும்போது, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிற வேலை ஒன்றுக்கு மனு போட்டிருப்பதாகச் சொன்னாள். வெளியூர்க் கம்பெனி. கூப்பிடுவார்களா தெரியவில்லை என்றாள். கூப்பிட்டார்கள். ஆயுத பூஜை முடிந்து, மறுநாள் விஜயதசமியும் முடிந்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைனில் தேர்வு.

அவள் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்கிறவள் இல்லை. ஆனால் அந்த நாட்களில் தோசை ஊற்றிக்கொண்டே வாய்க்குள் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "இந்த வயசுல நமக்கு யாருங்க வேல தருவாங்க?" என்பாள். சொல்லிவிட்டு உடனே போய் உட்கார்ந்து படிப்பாள். கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் என் கடைக்கும் விட்டுக்கொடுத்த வேலையைத் திரும்ப எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள் என்பது எனக்கும் தெரியும். கம்பெனிக்காரன் விதித்த விதிகள் கடுமையாக இருந்தன. முதல் வாரமே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு முன்சோதனை வைத்தான். எதில் முன்சோதனை செய்தோமோ அதே கம்ப்யூட்டரில்தான் தேர்வும் எழுத வேண்டும். போன் ஆகாது, இன்னொருவர் கம்ப்யூட்டர் ஆகாது.

ஆயுத பூஜை அன்று மதியம் கடையில் பூஜையை முடித்தேன். தராசு, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், ஷட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவி அதற்கும் வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் மீந்திருந்தது. அக்டோபர் மாதம் அவர்களுக்கு ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். அன்று அவள் அதற்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவள் படும் பாட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியாது. இங்கிலீஷ் சொல்லித்தர முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே உதவி இதுதான். நல்லது நடக்கட்டும் என்று ஒரு பொட்டு. வேண்டாம் என்று அவள் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாகவே ஞாபகம் இருந்தது. வருவதற்குள் வைத்துவிட்டு, காலையில் அவள் எழுவதற்கு முன் துடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பொட்டு வைக்க நெற்றி மாதிரி ஓர் இடம் வேண்டும். நெட்டுக்குத்தாக நிற்கும் அந்தப் பெட்டியில் நெற்றி எது? மேலே நடுவில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் உயிர் வரும் பொத்தான். அதைவிட நல்ல இடம் எது? கிண்ணத்தில் காய ஆரம்பித்திருந்த சந்தனத்தில் பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் குழைத்து, பொத்தான் நிறைய வைத்தேன். நடுவில் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

காலையில் நான் எழுந்தபோது பொட்டு இல்லை. பெட்டி பளிச்சென்று இருந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். ராத்திரியே பார்த்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

காப்பி குடித்துவிட்டு அவள் பயிற்சிக்கு உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, பச்சை விளக்கு எரிந்தது, திரையில் ஏதோ எழுத்து வரப்போவதுபோல வெளுத்தது. பட்டென்று எல்லாம் நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்தது, மறுபடி படுத்தது. காய்ச்சல்காரன் எழுந்து உட்காரப் பார்த்துச் சாய்வதுபோல இருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

அன்று முழுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினோம். முதலில் யு.பி.எஸ். மேல் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினோம். அப்படியேதான். ஒயரை மாற்றினோம். மிக்சி ஓடும் பிளக்கில் போட்டோம். மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் பிடுங்கினோம். போனில் வீடியோ பார்த்து, பக்கத்து மூடியைத் திறந்து, ரேம் என்று ஒரு பட்டை இருக்குமே, அதை எடுத்து மகள் வைத்துவிட்டுப் போன ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். உள்ளே படிந்திருந்த தூசியைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் கண்ணை மூடி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். அது எழும், படுக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பொத்தானைப் பார்த்தோம். அமுக்கினோம். அதில் நேற்றுச் சாயங்காலம் என்ன இருந்தது என்பதை மட்டும் இரண்டு பேருமே பேசவில்லை. எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது உண்மைதான். ஆனால் வெளியே வைத்த பொட்டு உள்ளே இருக்கும் மிஷினை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சரியாக ஒட்டாததால் யு.பி.எஸ்.காரனைத் திட்டினேன்.

திண்டிவனத்தில் தெரிந்த கம்ப்யூட்டர் கடை எல்லாம் பூஜை போட்டுப் பூட்டிக் கிடந்தது. ஒருவர் போனை எடுத்தார். குலதெய்வம் கோயிலுக்கு வந்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து என் மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, இங்க நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட இருக்குது. காலையில தொறப்பேன்னு சொல்றான். ஜல்தியா எடுத்துக்கினு வந்துடுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வரவில்லை. கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்துக் கொஞ்சம் நேரம் நீட்டிக் கேட்கப் பார்க்கிறேன் என்று வீட்டிலேயே இருந்தாள். பஸ்ஸில் கூட்டம். பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, விக்கிரவாண்டி தாண்டும்வரை அதன்மேல் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டேன். எப்படியாவது சரியாகிவிட வேண்டும் என்று என் சாமியை வேண்டினேன். வழியில் ஒரு மாதா கோயில் வந்தது. அங்கேயும் கும்பிட்டேன்.

கடைக்காரர் வரும்போது பத்து மணி ஆகப்போகிறது. இளவயதுக்காரர்தான், ஆனால் அவசரம் என்பதே இல்லாதவர். ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, பத்தி கொளுத்தி, அதற்குப் பிறகுதான் என் பெட்டியைப் பார்த்தார். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மூடியைத் திறந்தார். முன்பக்கத்துப் பொத்தானிலிருந்து போகும் ஒயரை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் உள்ளே எங்கேயோ தொட்டார். பெட்டி எழுந்தது. படுக்கவில்லை. நின்று ஓடியது.

"இன்னாணா, பொட்டிக்கு பூஜ போட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் முன்பக்கத்தைக் கழற்றிப் பொத்தானைக் காட்டினார். அமுக்கினால் அமுங்கியபடியே நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெல்ல வெளியே வந்தது. சுற்றிலும் இருந்த இடுக்கில் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"சந்தனம் உள்ள எறங்கி காஞ்சிக்கினு இருக்குதுணா. நீங்க அமுத்துனா இது அமுத்துனபடியே நிக்குது. நீங்க கையே எடுக்கலன்னு பொட்டி நெனச்சிக்கும். ரொம்ப நேரம் அமுத்துனா ஆஃப் ஆயிடும்ல, அதான் ஆஃப் ஆவுது. வேற ஒரு பேஜாரும் இல்ல."

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"ஒரு வேள, ஈரத்துணியில துடைச்சதால உள்ள போயிருக்குமா?"

அவள்மேல் போட ஒரு சின்ன இடமாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கடைக்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

"துடைச்சா மேல இருக்குறது போவும், அவ்ளோதான். இது வெச்சப்பவே ஒழுகியிருக்குது. தண்ணியா கொழைச்சி வெச்சிருக்கீங்க. பூஜ முடிஞ்சா இப்டி நாலு பொட்டி வந்துடும்ணா எங்களுக்கு."

ஊசியால் சுரண்டி, ஏதோ திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்து, திரும்ப மாட்டினார். அவ்வளவுதான் வேலை. நான் அவளுக்குப் போன் செய்தேன்.

"சரியாயிடுச்சி. வந்துக்கினே இருக்கேன்."

"மூடிட்டாங்க," என்றாள். "லாகின் பண்ற நேரம் முடிஞ்சிபோச்சி. ஹெல்ப்லைன்ல யாருமே எடுக்கல. பரவால்ல, நீங்க பாத்து வாங்க. சாப்டீங்களா?"

என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வைத்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் முழு வழியும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை, உனக்கு நல்லது நடக்கட்டும் என்று வைத்தேன், அதுதான் கெடுத்துவிட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. திண்டிவனம் வருவதற்குள் வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் வீட்டுப் படி ஏறினேன்.

அவள் கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எழுந்து வந்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. அன்னைக்கு ஜெபத்துக்குப் போயி வந்து பாத்தேன். நீங்க ஆசையா பொட்டு வெச்சிருந்தீங்க. வேணாம்னு சொன்னோமே, வெச்சிட்டாரேன்னு ஒரு கோவம். ஈரத்துணிய எடுத்து துடைச்சிட்டேன். தண்ணி உள்ள போயிடுச்சிங்க. அதான் அப்டி ஆயிடுச்சி. நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கினேன். நேத்து பூரா நீங்க ஒவ்வொண்ணா கழட்டி கழட்டிப் பாத்தீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலங்க. என்ன மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் மனப்பாடம் செய்த வார்த்தைகள் அத்தனையும் தொண்டையில் இருந்தன. திறந்தால் போதும். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அதுவரை நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியதுபோல இருந்தது. அந்த ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"விடு, தெரியாம செஞ்சதுதான," என்றேன். "அழாத. வேற வேல வரும்."

தலையைக்கூடத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நல்ல தண்டனை. அவள் என்மேல் காட்டிய அன்பைத் தாங்க முடியவில்லை. மதியம் கடைக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். எனக்குப் பிடிக்குமே என்று கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ராத்திரி இட்லிக்கு, வேர்க்கடலையை வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னி. கவளத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பேன். "என்னங்க, காரமா?" என்று கேட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். அம்மாவிடம் போனில் பேசும்போது, "அவரு ஒரு வார்த்த திட்டலம்மா. வேற யாருன்னா இருந்தா வீட்டையே ரெண்டாக்கி இருப்பாங்க," என்றாள். மாமியார் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "உங்களப் போல ஒரு மனுஷன் கெடைக்க என் பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும் மாப்ள," என்றார். நான் "அதெல்லாம் இல்ல அத்தை" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் அவ்வளவு உண்மையாக நான் பேசியதே இல்லை. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நாளாக நாளாகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் சந்தனம் வைத்தது மட்டும்தான் தப்பு. இப்போது சொன்னால், சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் ஒரு விவசாயி, கத்தரிக்குப் பூச்சி விழுந்துவிட்டது, மருந்தைக் கொஞ்சம் அதிகமாக அடித்துவிட்டேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டான். வழக்கமாக அந்த மாதிரி ஆளைக் கிழி கிழி என்று கிழிப்பேன். அன்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் பயந்துபோனான்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாள். ஞாயிறுதானே போவாய் என்றேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பாவத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். எந்தப் பாவம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியை எடுத்தேன். கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தேன். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால், மர அடைப்புக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற சிலரில் அவளும் தெரிந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் முறை வந்தது. முழங்காலில் நின்றாள்.

என் பாவத்தை அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஃபாதருக்கு அது தெரியாது, அவளுக்கும் தெரியாது. வெளியே பைக்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிற ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றினேன். பிறகு மாட்டிக்கொண்டேன். அவள் வெளியே வந்தபோது, "ஃபாதர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். என்ன தைரியம் பாருங்கள்.

"பெரிய பாவம் இல்லம்மான்னு சொன்னாரு. ஜெபம் சொல்லச் சொன்னாரு. ஆனா மனசு எறங்கலங்க."

வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவள் ஜெபம் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் டி.வி. பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கடைக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அந்தக் கம்பெனியில இருந்து மெயில் வந்திருக்குங்க. அன்னைக்கு நான் அடிச்ச போன், போட்ட மெயில் எல்லாம் பாத்திருக்காங்க. இன்னொரு தேதி தர்றோம், விருப்பம்னா இன்னைக்குள்ள பதில் போடுங்கன்னு."

"போட்டியா?"

"இல்லங்க. போடப் போறதில்ல."

"ஏன்?"

விசைப்பலகையைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"நம்ம சாமி, உங்க சாமின்னு இல்லங்க. எனக்கு நல்லது நடக்கணும்னு ஒருத்தர் ஆசையா வெச்சத கோவத்துல துடைச்சிப் போட்டுட்டேன். துடைச்சிட்டு, அதே பொட்டி முன்னால உக்காந்து எனக்கு நல்லது குடுன்னு எப்டி கேக்கறது? மனசு வரல. விடுங்க, உங்க கணக்கு இருக்குதே, அத ஒழுங்கா பாக்கறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கொடுத்த மன்னிப்பு அவளை எங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறது என்று தெரிந்தது. திரும்ப என் கடைக் கணக்குக்கு.

அவள் அந்தத் தேர்வை எழுதினாள், தேறினாள், இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீ துடைச்சதால ஒண்ணும் ஆவல," என்றேன். "நான் சந்தனத்தத் தண்ணியா கொழைச்சி பட்டன்மேல அப்பினேன். அது உள்ள ஒழுகி காஞ்சிபோச்சி. பட்டன் ஒட்டிக்கிச்சி. அதான் கோளாறு. நீ துடைக்காம விட்டிருந்தாலும் அப்டித்தான் ஆயிருக்கும். நீ வேணாம்னு சொன்னத நான் கேக்கல. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

முதலில் அவள் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. "நெசமாவா? தண்ணி போவலியா?" என்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் எவ்ளோ…" என்று சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. நேற்றுத்தான் கடைக்காரன் போனில் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம்.

"விழுப்புரத்துல. அவன் கழட்டிக் காட்டினப்பவே."

"அப்ப நான் அழுதுக்கினு சொன்னேனே, அப்ப தெரியும்."

"தெரியும்."

"அம்மா உங்ககிட்ட பேசினப்ப?"

"தெரியும்."

"கோயிலுக்குக் கூட்டிக்கினு போனீங்களே. வெளியில நின்னீங்களே."

நான் தலையாட்டினேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம் எனக்குத் தெரிந்த பாஷை. அவள் கத்தவில்லை. ஆடிட்டர் ஆபீசில் என் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அப்படி என்னைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்குங்க என்ன மன்னிச்சீங்க?" என்று கேட்டாள்.

"சுலபமா இருந்துச்சி," என்றேன்.